கிதாரின் முதுகிலிருந்து ஒரு சத்தம்

கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு நண்பனின் மாடி அறை. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரு ஸ்வரத்தை வெடுக்கென்று நிறுத்துவான். கை நின்றுவிடும், சத்தம் நிற்காது. கிதாரின் முதுகுக்குள் ஸ்பிரிங்குகள் 'ஙொய்ய்ங்' என்று இழுக்கும். ரெக்கார்டிங்கில் பெரிய தலைவலி.

இதற்கு வயது எழுபதுக்கு மேல். 1954-ல் லியோ ஃபெண்டரின் கம்பெனி கொண்டுவந்த இந்த கிதாரில், தந்திகளின் இழுப்பை முதுகுக் குழியில் ஐந்து ஸ்பிரிங்குகள் வரை எதிர்த்துப் பிடிக்கின்றன. கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும். (ட்ரெமலோ என்று பெயர் வைத்தார்கள். அசைவது சத்தத்தின் அளவு என்றால்தான் அது ட்ரெமலோ. சுருதி அசைந்தால் வைப்ரேட்டோ. இன்றுவரை யாரும் திருத்தவில்லை.) தந்தி அதிர்ந்தால் குதிரைக்கு அடியிலிருக்கும் உலோகக் கட்டை வழியாக ஸ்பிரிங்கும் அதிரும், அந்த அதிர்வு தந்திக்கே திரும்பி பிக்கப்பில் கேட்கும். வேடிக்கை என்னன்னா, 1961-ல் அதே கம்பெனி ஸ்பிரிங்கைப் பெட்டிக்குள் வைத்து, ரிவர்ப் என்று விற்றது!

ஸ்பீக்கர் முன்னால் கீச்சிடுவது வேறு நோய். பிக்கப் சுருளில் கம்பி தளர்ந்து அதிர்கிறது. உருகிய மெழுகில் முக்கி இறுக்குவார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் தந்தி தானாக ஊளையிடுவது மூன்றாவது வகை. 1967-ல் மான்டெரேயில் ஹெண்ட்ரிக்ஸ் அதையே இசையாக்கினார். நாம் மட்டும் என்ன, தம்பூராவில் நூல் செருகி ரீங்காரத்தை வரவழைப்பவர்கள்தானே?

நண்பனுக்கு ரீங்காரம் வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி, ஸ்பிரிங்குக்கு அடியில், கைப்பிடியின் அசைவு தடைபடாத மாதிரி செருகினோம். வாசித்தான், நிறுத்தினான். அப்போதுதான் ஃபேன் சத்தம் கேட்டது.