ஓரோ பிரேத்தோ: நிறம் பிரித்த ஆலயங்கள்

பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து மலைகளிடையே ஓரோ பிரேத்தோ என்னும் சிறு நகரம் உளது. அதன் தெருக்கள் செங்குத்தாய் ஏறி இறங்குவன; குன்றுக்கொன்றாய்க் கத்தோலிக்க ஆலயங்கள் நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. ஒரே சமயத்தவர் வாழ்ந்த ஒரு மலையூருக்கு இத்துணை ஆலயங்கள் எதற்கு? பக்திப் பெருக்கே காரணம் என்பர் சிலர். பொன்னின் பெருக்கே என்பர் வேறு சிலர். இரண்டும் அரைகுறை விடைகள். அச்சமூகம் எவ்வாறு பிளவுண்டு கிடந்தது என்பதை அறிந்தாலன்றி அவ்வாலயங்களின் தொகையும் விளங்காது, தோற்றமும் விளங்காது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலைகளிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே கரிய படலம் மூடிய பொன்மணிகள் கிடைத்தமையால் ‘கரும்பொன்’ என்று பொருள்படும் இன்றைய பெயர் வந்தது. 1711இல் போர்த்துக்கேய முடி இதனை வீலா ரிக்கா, அதாவது செல்வப் பட்டினம், என்ற பெயரில் நகராக்கியது. செல்வத்தைத் தோண்டியோர் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றி வரப்பட்ட அடிமைகள். பொன் அரிக்கும் தொழிலை முன்னரே அறிந்திருந்த மேற்காபிரிக்க மக்களுக்கு அடிமைச் சந்தையிற் கிராக்கி மிகுதியாக இருந்தது. கொள்ளையடித்தவன் கைத்திறனையும் சேர்த்தே கொள்ளையடித்தான்.

எடுத்த பொன்னில் ஐந்திலொரு பங்கு அரசனுக்கு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு 100 அரோபா, ஏறத்தாழ 1,470 கிலோகிராம், செலுத்தப்பட வேண்டும் என்று திட்டப்படுத்தினர். இவ்வரிக்கு இடையூறாவோர் எவரையும் முடி பொறுக்கவில்லை, துறவிகளையுங்கூட. பொன்னைக் கள்ளத்தனமாகக் கடத்துகின்றனர், வரி கட்டாதிருக்கத் தூண்டுகின்றனர் என்று குற்றஞ்சாட்டி, மினாஸ் பகுதியில் துறவற சபைகள் மடம் அமைப்பதைத் தடைசெய்தது. யாழ்ப்பாணத்தில் 1621இல் நல்லூர்க் கோவிலை இடித்து, குருமாரைப் படையோடு கைகோத்து நடக்கவிட்ட அதே அரசுதான் இங்கு அவர்களை வாசலில் நிறுத்தியது. வருமானம் எங்கே தொடங்குகிறதோ அங்கே விசுவாசம் எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று தேடவேண்டியதில்லை.

துறவிகள் இல்லாத இடத்தை இல்லறத்தாரின் சகோதர சபைகள் நிரப்பின. இறந்தவரை அடக்கம் செய்தல், ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தல், நோயுற்றவரைப் பராமரித்தல் முதலியன இச்சபைகளின் கடமைகள். சபையிற் சேராதவனுக்கு மரியாதையான அடக்கமும் அரிது. எனவே எல்லோரும் ஏதேனும் ஒரு சபையிற் சேர்ந்தனர். ஆனால் எல்லோரும் ஒரே சபையிற் சேர்ந்தாரல்லர். பிரான்சிஸ்கு, கார்மேல் மூன்றாம் சபைகள் வசதி படைத்த வெள்ளையருக்கு. சூசையப்பர் சபை கலப்பினத்தாருக்கு. செபமாலை மாதா சபை கறுப்பருக்கு. ஒவ்வொரு சபையும் தனக்கென ஆலயம் எழுப்பியது. ஆலய வாசலில் ஆளை அளக்கும் வழக்கத்தை அறியாதவரல்லர் நம் வாசகர், விரித்துரைக்க வேண்டியதில்லை.

1733இல் பிலார் மாதாவின் புதிய பங்காலயம் திறக்கப்பட்டபோது பெருஞ் சுற்றுப்பிரகாரம் ஒன்று நடந்தது. குதிரைகள், இசை, பட்டும் வைரமும் அணிந்த உருவகப் பாத்திரங்கள் எனச் செல்வர் தம் செல்வத்தைத் தெருவெங்கும் காட்டினர். அந்நாளில் நற்கருணை எங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்பதே மனங்கொள்ளத்தக்கது. பங்காலயம் கட்டி முடியும் வரை அது கறுப்பரின் செபமாலை மாதா ஆலயத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. இவ்விழாவை வருணிக்கும் நூல் 1734இல் லிஸ்பனில் அச்சாயிற்று. அதனை வெளியிடத் தூண்டியவர்கள் அக்கறுப்புச் சகோதரர்களே. ஊர்வலத்தின் ஒளியெல்லாம் வெள்ளையருடையதாயினும், தங்கள் இல்லத்தில் இறைவன் தங்கியிருந்தமை எழுத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் கருதினர் போலும்.

அவர்கள் பின்னர் எழுப்பிய செபமாலை மாதா ஆலயம் கட்டடக் கலையில் தனித்து நிற்பது. போர்த்துக்கேய ஆலயம் என்றால் நீள்சதுரம் என்பதே பொது விதி. இங்கோ நீள்வட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்து சுவர்களாகின்றன. முகப்பு தட்டையாக நில்லாமல் வில்போல் வெளியே வளைகிறது. கீழே மூன்று வளைவு வாயில்கள். இருபுறமும் உருண்ட கோபுரங்கள். உள்ளே சென்றால் பிலாரின் பொன்முலாம் இல்லை. எளிய பீடங்கள், அவற்றிற் கருநிறப் புனிதர்கள். பொன்னை அள்ளியவர்களின் ஆலயத்திற் பொன் இல்லை, வடிவமே செல்வம். நகரத்தில் ஒரே ஆலயத்தை மட்டும் பார்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் நாம் இதையே தெரிவோம்.

அன்தோனியோ தியாஸ் பங்கிலும் செபமாலைச் சபை இருந்தது. முதலில் இரு நிறத்தாரும் கூடியிருந்த அச்சபை பிளவுண்டு, கறுப்பர் குன்றின்மேல் எத்தியோப்பியப் புனிதையான எபிஜேனியாவின் பெயர் வழங்கும் ஆலயத்தைக் கட்டினர். ஆபிரிக்க அரசன் ஒருவன் அடிமையாகி வந்து, தன்னையும் தன் மக்களையும் மீட்டு, சுரங்கமும் வாங்கி, இதனைக் கட்டினான் என்பது ஷிக்கோ ரெய் கதை. இதன் முதல் எழுத்துச் சான்று 1904இல் வெளிவந்த ஒரு வரலாற்று நூலின் அடிக்குறிப்பே. வரலாறு என்று அதனைக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், காசு காசாய்ச் சேர்த்து விடுதலை வாங்கிய அடிமைகள் அங்கு மெய்யாகவே வாழ்ந்தனர். கதை அவர்களைத்தான் ஒரு மனிதனாக்கி நிறுத்துகிறது.

இனி, உலகம் புகழும் அசீசியார் ஆலயத்துக்கு வருவோம். 1766இல் தொடங்கப்பெற்ற இதன் சிற்பி அன்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா, போர்த்துக்கேயக் கட்டடக் கலைஞர் ஒருவருக்கும் அடிமைப் பெண்ணொருத்திக்கும் பிறந்தவர். நோயாற் கைகால்கள் சிதைந்தமையின் அலெய்ஜாதின்யோ, அதாவது ‘சிறு முடவன்’, எனப்பட்டார். கோபுரங்களைப் பின்தள்ளி, முகப்பை முன்தள்ளி, வட்டச் சாளரம் இருக்கவேண்டிய இடத்தில் அசீசியார் ஐந்து காயம் பெறும் காட்சியை மாக்கல்லிற் செதுக்கினார். உள்ளூர் மலையில் அகப்படும் மென்கல் அது; இத்தாலியச் சலவைக்கல்லுக்கு ஏங்கி நிற்காமல் அக்கல்லையே பேசவைத்தார். இவ்வாலயத்துக்குரிய மூன்றாம் சபையில் அவர் உறுப்பினராக முடியாது. அவரது சபை கலப்பினத்தாரின் சூசையப்பர் சபையே.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. 1858இல் வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாறு, மவுரீசியோ என்ற அடிமையே சிதைந்த கைகளில் உளியைக் கட்டிவிட்டான் என்கிறது. அடிமைத்தாயின் மகனும் அடிமைகளை உடையவன்! தனிமனிதனைப் பழிப்பதாற் பயனில்லை. அமைப்பு அத்தனை ஆழமாக ஊடுருவியிருந்தது. அதே ஆலயத்தின் விதானத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனுவேல் த கொஸ்தா அத்தாயிதே தேவமாதாவைத் தீட்டினார். மாதாவின் முகம் ஐரோப்பிய முகமன்று. மினாசின் கலப்பினப் பெண்ணின் முகம். வெள்ளையருக்கென ஒதுக்கிய கூரையின் கீழ், அண்ணாந்து வணங்க வேண்டிய இடத்தில், அம்முகம்.

இவ்வாலயங்களை மக்களை மயக்கிய கருவிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் தோழர்கள் உளர். கறுப்பர் சபைகள் அடிமை முறையை எதிர்த்து எழவில்லை என்பது உண்மையே. அம்முறை 1888 வரை நீடித்தது. எனினும், சட்டப்படி பொருளாகக் கருதப்பட்டவன் கணக்கெழுதி, தலைவனைத் தெரிந்து, தன் தோழனைத் தன் செலவில் அடக்கம் செய்த ஒரே இடம் அதுவாக இருந்தது. மறுபுறம், ‘போர்த்துக்கேயக் கலையின் மணிமுடி’ என்று பாடுவோர் எவர் கைகள் அதனைச் செய்தன என்பதைக் கூறாமலே நகர்ந்துவிடுகின்றனர். இரு சாராரும் கட்டியவனை மறந்துவிடுகின்றனர்.

பொன் வற்றியது, வரிப்பாக்கி வற்றவில்லை. 1789இல் கிளர்ச்சிக்குச் சூழ்ந்தோருள் ‘பல்பிடுங்கி’ எனப்பட்ட திராதெந்தெஸ் 1792இல் தூக்கிலிடப்பட்டார். அவர் தலை வீலா ரிக்காவின் சதுக்கத்திற் கம்பத்தில் ஏற்றப்பட்டது. 1897இல் மாநிலத் தலைநகர் பெலோ ஓரிசோந்தேக்கு மாறியது. இடித்துப் புதிதாய்க் கட்டப் பணமின்மையே பழைய நகரைக் காத்தது. 1933இல் பிரேசில் அதனைத் தேசியச் சின்னமாக்கியது. 1980இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று அசீசியார் ஆலயத்தின் எதிரேயுள்ள திறந்தவெளியில் கைவினைஞர் கடை பரப்பி, அதே மாக்கல்லிற் குடைந்த கிண்ணங்களையும் சிறு சொரூபங்களையும் உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கின்றனர்.