ஜப்பான் நாட்டு ரஜினி ரசிகர்கள்

ரிங்லெட் முதல் கோலாலம்பூர் வரை, ரஜினிகாந்தின் புதுப்படம் திரைக்கு வரும் நாள் நம்மவர்களுக்குத் திருநாள்தான். ஆனால், தமிழே அறியாத ஜப்பானியர்களும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரைக் கொண்டாடி வருகிறார்கள்.

இதற்கு வித்திட்ட படம் ‘முத்து’. கே.எஸ்.ரவிக்குமார் இயக்கத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 1995 தீபாவளிக்கு வெளிவந்தது. சிங்கப்பூர் சென்றிருந்த ஜப்பானிய விமர்சகர் ஜுன் எடோகி இப்படத்தைக் காண நேர்ந்தது. வசனம் புரியவில்லை, ஆனாலும் படம் அவரைக் கவர்ந்தது. அவரது முயற்சியால் அது ஜப்பானுக்குச் சென்றது.

1998 ஜூன் மாதம் தோக்கியோவின் ஷிபுயா பகுதியிலுள்ள ‘சினிமா ரைஸ்’ அரங்கில், ‘முத்து: ஆடும் மகாராஜா’ என்ற பொருள்படும் பெயரில் வெளியானது. அங்கு 23 வாரங்கள் ஓடியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 400 மில்லியன் யென் வசூலித்தது. அங்கு வேறெந்த இந்தியப் படமும் எட்டாத அந்தச் சாதனையை 2022இல்தான் ‘ஆர்.ஆர்.ஆர்.’ முறியடித்தது.

அப்போது ஜப்பான் பொருளாதார மந்தத்தில் இருந்தது. பாட்டு, ஆட்டம், சண்டை, சிரிப்பு, கண்ணீர் அனைத்தும் ஒரே படத்தில் கிடைத்தது சோர்ந்திருந்த மக்களுக்கு ஆறுதலானது என்பார்கள்.

அமைதியாகப் படம் பார்ப்பதே ஜப்பானியர் வழக்கம். இந்தியப் படங்களுக்கான ‘மசாலா காட்சி’களில் மட்டும் ரசிகர்கள் கைதட்டி, ஆரவாரித்து, வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவுகிறார்கள். முதல் நாள் முதல் காட்சிக்காகச் சென்னைக்கே விமானம் ஏறுவோரும் உண்டு. 2023இல் ‘ஜெயிலர்’ பார்க்க ஒசாக்காவிலிருந்து ஒரு தம்பதியர் வந்தனர். வசனத்தை நேரடியாகப் புரிந்துகொள்ளத் தமிழ் கற்றவர்களும் இருக்கிறார்கள்.

ரஜினிக்கும் தமிழ் தாய்மொழியன்று. பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் 1950இல் பிறந்து, பேருந்து நடத்துநராகப் பணிபுரிந்தவர். இயக்குநர் கே.பாலசந்தரின் அறிவுரைப்படி தமிழ் கற்று, 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ வழியே திரைக்கு வந்தார்.

மலேசியத் தமிழரைக் கதைக்களமாகக் கொண்ட ‘கபாலி’ 2016இல் மலாயிலும் குரல்மாற்றம் செய்யப்பட்டு வெளியானது. மொழி தெரியாதவரையும் ஒரு படம் இழுத்துவிடுகிறது. அந்த ஈர்ப்பு ஜப்பானில் சிலரைத் தமிழ் அரிச்சுவடி வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. வீட்டிலேயே தமிழ் இருந்தும் படிக்கத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லலாம்.