நெகிழிகளின் சிராய்ப்புத் தேய்மானம்

சொரசொரப்பான கடினப் பரப்பின் மீது உரசி நகரும் நெகிழி துகள்துகளாகக் கழிவதே சிராய்ப்புத் தேய்மானம். நெகிழிப் பற்சக்கரங்கள், புஷ்கள், செயற்கை மூட்டுகள் ஆகியவற்றின் ஆயுள் பெரிதும் இதைப் பொறுத்தது.

நிகழும் விதம்

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகிலும் நுண்ணிய முகடுகள் உண்டு. சுமை ஏறும்போது அவை நெகிழிக்குள் இறங்கி உழுதுகொண்டே செல்கின்றன. எளிதில் நொறுங்கும் பாலிஸ்டைரீன் தடத்தின் ஓரங்களில் சில்லுசில்லாகப் பெயர்கிறது. பாலிஎத்திலீனும் நைலானும் நீண்டு கொடுப்பதால் உழப்பட்ட பகுதி பெரும்பாலும் பெயராமல் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது.

வலிமையும் நீட்சியும்

ஆர்ச்சர்ட் 1953இல் தந்த விதிப்படி, தேய்மானம் சுமைக்கும் நகர்ந்த தூரத்துக்கும் நேர் விகிதத்திலும், பொருளின் கடினத்தன்மைக்கு எதிர் விகிதத்திலும் அமையும். நெகிழிகளுக்குக் கடினத்தன்மை மட்டும் போதுமான அளவுகோல் அன்று. முறியும் வலிமையையும் முறியுமுன் நீளும் அளவையும் பெருக்கி வரும் தொகை கூடக்கூடத் தேய்மானம் குறைவதை ராட்னர், லங்காஸ்டர் ஆகியோரின் 1960களின் ஆய்வுகள் காட்டின. கண்ணாடி இழை சேர்த்து வலுவூட்டிய நெகிழி சொரசொரப்பான பரப்பில் பல வேளைகளில் கூடுதலாகத் தேய்வதற்கு இதுவே காரணம்: வலிமை கூடினாலும் நீட்சி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

படிவுப் படலம்

வலிமை, நீட்சி இவற்றுக்கும் தேய்மானத்துக்கும் உள்ள இத்தொடர்பு, நெகிழி எப்போதும் புதுத் தடத்தில் ஓடும்போதே நன்கு பொருந்தும். ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் ஓடினால், பெயர்ந்த துகள்கள் எஃகின் பள்ளங்களை நிரப்பிப் படலமாகப் படியும். அதன்பின் நெகிழி மீது நெகிழியே ஓடுவதால் தேய்மானம் தணியும். நீரோ எண்ணெயோ இடையில் புகுந்தால் படலம் சரியாக ஒட்டாது.

செயற்கை இடுப்பு மூட்டு

உராய்வு குறைவாக இருந்தால் தேய்மானமும் குறையும் என்பதில்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் பிற்பகுதியில் டெஃப்லான் வகை நெகிழியால் மூட்டுக் கிண்ணம் செய்தார். உராய்வு மிகக் குறைவு. ஆயினும் சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்து, துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைப் பாதித்தன. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார், அது நிலைத்தது.

கிண்ணத்துக்குள் சுழலும் உலோகத் தலை கண்ணாடிபோல் மெருகிடப்படுகிறது. மூட்டை எலும்பில் பொருத்தும் சிமென்ட்டின் கடினத் துகள் இடையில் சிக்கினால் தலையில் கீறல் விழும். கீறலின் இருபுறமும் மேலெழும் விளிம்பு, ஒவ்வோர் அசைவிலும் கிண்ணத்தைச் சுரண்டித் தேய்மானத்தைப் பன்மடங்காக்கும்.