ஓட்ஸ் மீதான தடையும் அது தளர்ந்த விதமும்

கோதுமை, ரை, வாற்கோதுமை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதுவதால், உணவுச் சத்தை ஈர்க்கும் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோவதே சீலியாக் நோய். ரொட்டியை நிறுத்தினால் இந்நோயுற்ற குழந்தைகள் தேறுவதைக் கவனித்துவந்த நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1950-இல் அளித்த தம் ஆய்வேட்டில் கோதுமை, ரை ஆகியவற்றோடு ஓட்ஸையும் விலக்க வேண்டிய தானியமாகக் கொண்டார். குடலின் உட்சுவரைக் கிள்ளியெடுத்துப் பார்க்கும் முறை அன்று இல்லாமையால், மலத்தில் வெளியேறும் கொழுப்பின் அளவே அவருக்குச் சான்றாக இருந்தது. அத்தகைய சான்றின்மேல் எழுந்த தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

அதை அசைத்தது 1995-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு. நாள்தோறும் 50 முதல் 70 கிராம் வரை ஓட்ஸ் உண்ட சீலியாக் நோயாளிகளின் குடலுறிஞ்சிகள், உண்ணாதோருடையவற்றைவிட மோசமடையவில்லை என்று அது காட்டியது. ஓட்ஸில் உள்ள அவெனின் என்னும் புரதம் கோதுமைப் புரதத்தினின்று வேறுபட்டது என்பதும், ஓட்ஸின் மொத்தப் புரதத்தில் அதன் பங்கு சிறியது என்பதும் இம்முடிவுக்கு வலுச்சேர்த்தன.

ஆயினும் ஆய்வுக்கூடத்து ஓட்ஸ் வேறு, கடையில் விற்கும் ஓட்ஸ் வேறு. ஒரே நிலத்தில் மாறிமாறிப் பயிராகி, ஒரே அறுவடை எந்திரத்திலும் ஒரே ஆலையிலும் புகுந்து வரும் தானியங்களுள் கலப்பு நேராதிருப்பது அரிது. அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 12 ஓட்ஸ் பொதிகளைச் சோதித்து 2004-இல் வெளியான முடிவின்படி, 9 பொதிகளில் குளூட்டன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருந்தது. பின்னர்ப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-இலும், அமெரிக்க அரசு 2013-இலும் 'குளூட்டன் அற்றது' என்ற முத்திரைக்கு வகுத்த வரம்பும் இந்த 20 பங்கே. இக்கலப்பு மாவில் கரைந்து பரவாமல் தனித்தனி மணிகளாகவே கிடக்கிறது. ஒரு வேளைக் கஞ்சியில் ஒற்றை வாற்கோதுமை மணி விழுந்தாலே வரம்பு மீறப்படக்கூடும் என்பதால், ஒரு கைப்பிடியைச் சோதித்து மூட்டை முழுவதற்கும் சான்று தர இயலாது. விதை முதல் பொதி வரை ஓட்ஸைப் பிரித்தே பேணும் முறை, கலந்துவந்ததை எந்திரத்தால் பொறுக்கும் முறையைவிட நம்பத்தக்கதாவது இதனாலேயே.

கலப்பே இல்லாத ஓட்ஸும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. நார்வேயில் 19 நோயாளிகளுக்குத் தூய ஓட்ஸ் அளித்த ஆய்வில், ஒருவருக்கு மட்டும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, நிறுத்தியதும் தேறி, மீண்டும் உண்டபோது முன்னினும் கடுமையாகத் தேய்ந்தன. அவெனினைத் தாக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள் சிலரிடம் உண்டென்பது 2004-இல் உறுதியாயிற்று. பரவலான குளூட்டன் சோதனை அவெனினை அளப்பதில்லையாதலின், முத்திரை உறுதிகூறுவது கலப்பின்மையை மட்டுமே. இவ்வேறுபாட்டை மதித்து ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஓட்ஸுக்கு அம்முத்திரையை அனுமதிப்பதில்லை. உண்ண விரும்பும் நோயாளி, தொடங்குமுன்னும் சில மாதம் உண்ட பின்னும் குடல் திசுவைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே ஆஸ்திரேலியாவில் வழங்கும் மருத்துவ அறிவுரை.