பழைய பிக்கப் வாகனங்களின் எஞ்சின் மாற்றம் (வன்னி)

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பழைய பிக்கப்பின் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டுவது, தேய்ந்த டீசல் எஞ்சினுக்குப் பதிலாக அதே குடும்பத்துப் பெரிய எஞ்சினை ஏற்றுவது, டீசல் பம்மையும் நொசில்களையும் புதுப்பிப்பது ஆகிய மூன்றையும் எஞ்சின் மாற்றம் என்ற ஒரே பெயரில் அழைப்பர். வேறிடங்களில் வேகத்துக்காகச் செய்யப்படும் இந்த வேலையை வன்னியில் இரண்டு கேள்விகள் தீர்மானித்து வந்துள்ளன: எந்த எரிபொருள் கிடைக்கிறது, வழியில் நின்றால் யார் திருத்துவது.

தடைக்காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கு மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, பெற்றோலையும் டீசலையும் பற்றறியையும் அரும்பொருளாக்கியது. மண்ணெண்ணெய் மட்டும் அளவுக் கட்டுப்பாட்டுடன் கிடைத்தது. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்த அதே மண்ணெண்ணெய்யில்தான் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். இடையில் நிறுத்தி எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடியும் சொட்டுப் பெற்றோல்தான். ஆகவே இறங்கி ஆளோடு பேசும் நேரத்திலும் எஞ்சினை ஓடவிட்டவர்கள் உண்டு.

இதற்குக் கொடுத்த விலை சிறிதல்ல. மண்ணெண்ணெய்யின் ஒக்ரேன் அளவு குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். தடித்த கஸ்கற் போட்டு அழுத்த விகிதத்தைக் குறைப்பதும், தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தவைப்பதுமே அதற்கு மருந்து. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் பேரிங்குகள் விரைவில் தேயும். டீசல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாலும் தொல்லை உண்டு. சுழல்வகைப் பம்முக்குள் உள்ள பாகங்களுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய்யில் அந்த வழவழப்பு போதாது. கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து ஓட்டுவது தற்காலிகக் காப்பு மட்டுமே.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையிலிருந்து ஜப்பானின் பழைய எஞ்சின்களை வன்னிக்கு ஏற்றிவர வழி பிறந்தது. 2006 ஓகஸ்ரில் முகமாலையில் பாதை மறுபடி மூடப்பட்டது. 2009 மே மாதத்துக்குள், மக்களோடு நகர்ந்த வாகனங்கள் பெருந்தொகையாக முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன.

எஞ்சின் பூட்டுதல்

பிக்கப்புகளில் ரொயோட்டா ஹைலக்ஸுக்கு இந்த வேலை இலகு. 1977-இல் வந்த எல் எஞ்சின் 2,188 கன சென்ரிமீற்றர். அதன் வழிவந்த 2எல் 2,446, 3எல் 2,779, 5எல் 2,986. ஒரே குடும்பம் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அதிக வெட்டு ஒட்டு இன்றி இருத்தலாம். பெற்றோல் வண்டிக்கு டீசல் எஞ்சின் ஏற்றும்போதுதான் கராஜ் பாஸ்மாரின் கைத்திறன் தெரியவரும். மவுண்டிங், கியர் பொக்ஸ் உறை, புறொப்பெல்லர் தண்டின் நீளம், ரேடியேற்றர், கூடிய பாரத்துக்கேற்ற முன் ஸ்பிரிங் எல்லாம் பொருந்த வேண்டும். மிஞ்சிய டீசல் தாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாய் வேண்டும்.

பலர் மறப்பது பிறேக். பெற்றோல் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகும். பிறேக் பூஸ்ரர் அதில் இயங்கும். டீசல் எஞ்சினில் அது இல்லை. ஒல்ரனேற்றரின் பின்புறத்தில் சேர்ந்து வரும் வக்குவம் பம்மைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கி வந்தால், பிறேக் மிதி கல்லாக இறுகும். நெல் மூட்டை ஏற்றிய வண்டியில் இது உயிராபத்து.

பம்மும் நொசிலும்

எல் குடும்ப எஞ்சின்களில் டீசல் முன்னறைக்குள் பீச்சப்படுகிறது. நொசில் திறக்கும் அழுத்தம் 100 முதல் 150 பார் அளவு. இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்களிலோ அழுத்தம் 1,500 பாரைத் தாண்டுகிறது. நொசிலைச் சோதிப்பவர் கையால் அடிக்கும் பம்மில் அதைப் பூட்டி, அழுத்தமானியின் முள் எந்த அளவில் விழுகிறது என்று பார்ப்பார். நல்ல நொசில் கிறீச்சென்ற ஓசையோடு புகைபோலத் தூவும்; கெட்டது தாரையாக ஓடும், நுனியில் சொட்டும். அந்தச் சொட்டுத்தான் காலையில் எழும் வெண்புகைக்கும் தட்டும் சத்தத்துக்கும் ஒரு காரணம். பம்மைச் சற்றுத் திருப்பி டீசல் செல்லும் நேரத்தைச் சீராக்குவது அடுத்த வேலை. காதால் கேட்டுச் செய்வோர் உண்டு, டயல் கேஜ் வைத்துச் செய்வதே சரி.

இழுவை போதாது என்று முழுச்சுமைத் திருகாணியை முறுக்கி டீசலைக் கூட்டுவது பரவலான பழக்கம், நல்ல பழக்கமல்ல. காற்று கூடாமல் டீசல் கூடினால் கரும்புகையும் வெப்பமும்தான் மிச்சம். டர்போ பூட்டிய 2எல்-ரி எஞ்சின், சூடேறினால் ஹெட் வெடிப்பதற்குப் பெயர்போனது. முல்லைத்தீவு உள்வீதிகளின் கிரவல் புழுதியும் டர்போவின் எதிரி; காற்று வடிகட்டியில் ஒரு கீறல் விழுந்தாலே சுழலித் தகடுகளும் சிலிண்டரும் அராவப்படும். மின்னணுப் பம் கொண்ட 2எல்-ரிஈ எஞ்சினுக்குப் பொறிமுறைப் பம் மாற்றிப் பூட்டுவதன் நோக்கமும் எளிது: கணினி இல்லாத கராஜிலும் திருத்தலாம். கொமன் ரெயில் எஞ்சின் சிக்கனமானது, புகை குறைந்தது. ஆனால் தண்ணீரோ தூசோ கலந்த டீசலை அதன் இன்ஜெக்டர்கள் தாங்கா. கலன்களில் டீசல் சேமித்து ஊற்றும் கமக்காரருக்கு அது பொருந்தாது.

அண்மைக்காலமும் சட்டமும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 நெருக்கடியில் எரிபொருள் கியூ.ஆர். பங்கீட்டுக்குள் வந்ததும் பழைய வண்டிகளைத் தக்கவைப்பதை அவசியமாக்கின. 2022 ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, அதில் வண்டி ஓட்டிக் கண்ட இலாபக் கணக்கும் பெருமளவு சரிந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியோடு புதிய பிக்கப்பின் விலை பெரும்பாலான விவசாயக் குடும்பங்களுக்கு எட்டாதது.

மாற்றிய எஞ்சினின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். எரிபொருள் வகை மாறினால் அதையும் சேர்த்து. ஆண்டு வரி அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. பழைய எஞ்சின் வாங்குவோர், விற்பவரிடம் இறக்குமதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள இலக்கத்தை எஞ்சினில் பொறித்துள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்பே பணம் கொடுக்க வேண்டும்.