ராத்திரி பூரா சார்ஜ்: ஒரு பழக்கத்தின் வரலாறு

"ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுப் படு, காலைல ஃபுல்லா இருக்கும்." ரிமோட் கார் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் இன்றும் சொல்வது இது. ஒரு காலத்தில் இது சரியான அறிவுரைதான். இன்று இதைப் பின்பற்றுவது ஆபத்து. நடுவில் என்ன மாறியது என்று கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

1899ல் ஸ்வீடன் நாட்டு வால்டெமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கினார். முதலில் வந்தவை திறந்த வகை. சார்ஜ் ஏறும்போது வாயு வெளியேறும், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். 1940களின் இறுதியில்தான் முழுக்க மூடிய செல் சாத்தியமானது. நிரம்பிய பிறகும் மின்சாரம் பாய்ந்தால் நேர்முனையில் ஆக்சிஜன் உண்டாகும். அது எதிர்முனைக்குப் போய் மறுபடி வேதிப்பொருளாகவே சேர்ந்துவிடும், மிச்சம் கொஞ்சம் சூடு மட்டும். அதாவது, அதிகமாக ஊட்டினாலும் செரித்துக்கொள்ளும் வயிறு அதற்கு இருந்தது.

ரிமோட் கார் இந்த பேட்டரியை நம்பித்தான் வளர்ந்தது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976ல் போர்ஷே 934 மாடல் காரை வெளியிட்டது. 80களில் 1.2 வோல்ட் செல் ஆறு சேர்ந்த 7.2 வோல்ட் பேக் ஹாபி கார்களுக்குப் பொது அளவாகவே ஆகிவிட்டது. 1200 எம்ஏஎச் பேக்குக்கு 120 மில்லிஆம்பியர் கொடுத்து 14 மணி நேரம் விடுவது அன்றைய முறை. ராத்திரி பூரா போடும் பழக்கம் வந்தது இப்படித்தான். வேகமான சார்ஜர்கள் இன்னொரு தந்திரம் செய்தன. நிக்கல் பேக் நிரம்பியதும் வோல்டேஜ் ஏறாமல் லேசாக இறங்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்ததும் சார்ஜர் நிறுத்திவிடும்.

லித்தியத்தின் கதை வேறு. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் உலோகம் வைத்து ரீசார்ஜ் ஆகும் பேட்டரி செய்தார். நல்ல சக்தி. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றினால் உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து, உள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். 1989ல் ஜப்பானில் ஒரு மொபைல் போன் தீப்பிடித்தது. அதற்குள் இருந்தது கனடாவின் மோலி எனர்ஜி செய்த லித்தியம் உலோக பேட்டரி. விற்றவை திரும்பப் பெறப்பட்டன, நிறுவனமும் நொடித்துப்போனது.

தீர்வு வேறு இருவரிடமிருந்து வந்தது. ஜான் குட்இனஃப் 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் கோபால்ட் ஆக்சைடு நேர்முனையைக் கொடுத்தார். அகிரா யோஷினோ 1985ல் எதிர்முனைக்கு உலோகத்தை விட்டுவிட்டு கரிமத்தை வைத்தார். லித்தியம் அயனியாக மட்டுமே அங்கும் இங்கும் போய் வரும். இரும்புக் கட்டியை மேலே போட்டு நசுக்கியும் சோதித்தார், தீப்பிடிக்கவில்லை. 1991ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் கரிமத்துக்குள் இடமில்லாமல் லித்தியம் மறுபடி உலோகமாகவே படிகிறது. 1989ன் பழைய ஆபத்து உங்கள் பேக்குக்குள் திரும்பி வருகிறது. நிக்கலுக்கு இருந்த செரிமானம் இதற்குக் கிடையாது, உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது.

இப்போது ஹாபி கார்களில் வரும் இரண்டு செல் லிப்போ பேக் 7.4 வோல்ட். பழையது 7.2. பெட்டி அளவும் பிளக்கும் ஒரே மாதிரி இருக்கலாம். லிப்போவை நிக்கல் சார்ஜரில் செருகினால், அந்த சார்ஜர் வோல்டேஜ் இறங்கும் என்று காத்திருக்கும். லித்தியத்தில் அந்த இறக்கம் வராது. சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் தீ.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது பலருக்குத் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். மின்வேதியியல் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஆய்வகத்துக்குத் தெரிந்தது வீட்டுக்கு வந்து சேர நாளாகிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. அது வண்டிகளுக்கான விதி. பொம்மை காருக்கு நாம்தான் காவல்.

எனவே, முதலில் லேபிளைப் படியுங்கள். என்ஐ என்று தொடங்கினால் நிக்கல், எல்ஐ என்றால் லித்தியம். சார்ஜரில் அதே வகையைத் தேர்ந்தெடுங்கள். 2000 எம்ஏஎச் பேக்குக்கு 2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். பேலன்ஸ் ஒயரைக் கட்டாயம் செருகுங்கள். இரண்டு செல்லில் ஒன்று முந்தினால், மொத்தம் 8.4 வோல்ட் சரியாகத் தெரிந்தாலும் அந்த ஒன்று 4.2ஐத் தாண்டியிருக்கும். கள்ளக்குறிச்சி சித்திரை வெயிலில் ஓட்டி வந்த காரின் பேக்கை உடனே செருகாதீர்கள், தொட்டால் சூடு ஆறியிருக்க வேண்டும். உப்பிய பேக்குக்கு மறுவாழ்வு கிடையாது. பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்து வையுங்கள்.

சார்ஜ் ஏற்றும் இடம் கட்டில் அல்ல. டைல்ஸ் தரை, அல்லது ஒரு காலி மண்சட்டி. திரைச்சீலை, துணி, காகிதம் பக்கத்தில் இருக்கக் கூடாது. முக்கியமாக, வீட்டில் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் செருகுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பும் பேக்குக்கு ஒரு ராத்திரி எதற்கு?