அழிந்த பதிவுக்குத் தேதி கிடையாது

தேடுபொறிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாகத் தேடலைப் பற்றித்தான் எழுதுவார்கள். எந்த விடை முதலில் வரவேண்டும், எழுத்துப்பிழையோடு தேடினாலும் எப்படிக் கிடைக்கிறது, இந்த மாதிரி. தேடப்படும் சரக்கு பொறிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். இந்தத் துறையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், ராத்தூக்கம் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டு வரியில்தான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவை நினைத்துக்கொள்ளுங்கள். இணையதளத்தின் உண்மையான சரக்கு தரவுத்தளத்தில் அட்டவணைகளாகக் கிடக்கிறது. தேடல் சர்வர் அதைப் பார்த்துத் தனியாக ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொள்கிறது. நாம் தேடும்போது புரட்டப்படுவது சொல்லடைவு மட்டும்தான். மூலம் மாறி அடைவு மாறாவிட்டால், தளம் ஒன்று சொல்லும், தேடல் இன்னொன்று சொல்லும்.

1999இல் டக் கட்டிங் லூசீனை எழுதினார். அது ஜாவா நிரலர்களுக்கான நூலகம், அடைவு தயாரிக்கும் இயந்திரம் மட்டும். 2004இல் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி அதைச் சுற்றி ஒரு சர்வரைக் கட்டினார். அதுதான் சோலர். 2006இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுக்கப்பட்டுத் திறமூலமானது. ஆனால் சோலர் தானாக எழுந்து போய் எதையும் எடுத்துவராது. ஒவ்வொரு பதிவையும் எக்ஸ்எம்எல் ஆக்கி நாம்தான் ஊட்டிவிட வேண்டும். அதனால் ஆபீசுக்கு ஒரு ஸ்கிரிப்ட். ராத்திரி ஓடும், பாதியில் நிற்கும், எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

2008 செப்டம்பரில் வந்த சோலர் 1.3 இதை மாற்றியது. அதோடு சேர்ந்து வந்தது டேட்டா இம்போர்ட் ஹேண்ட்லர், ஷாலின் சேகர் மங்கரும் நோபிள் பாலும் எழுதியது. ஒரே ஒரு கோப்பு: தரவுத்தளத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், கீழே எஸ்க்யூஎல் வினவல், எந்தப் பத்தி எந்தப் புலத்துக்கு என்ற பட்டியல். அவ்ளோதான். ஒரு முகவரியைத் தட்டினால் சோலரே போய் அள்ளிக்கொண்டு வரும். நிரல் எழுதவே வேண்டாம்.

சும்மா இல்லை அந்தக் கோப்பு. ஒரு வினவலுக்குள் இன்னொன்றைச் செருகலாம்: கட்டுரைகளை எடு, ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் குறிச்சொற்களை எடு. படிக்க அழகாக இருக்கும். ஒரு லட்சம் கட்டுரை இருந்தால் தரவுத்தளத்தின் கதவு ஒரு லட்சத்து ஒரு முறை தட்டப்படும். மைஎஸ்க்யூஎல் என்றால் இன்னொரு கூத்து. விடை முழுவதையும் மொத்தமாக நினைவகத்தில் கொண்டுவந்து கொட்டுவது அதன் இணைப்பானின் இயல்பு, சர்வர் மூச்சுத் திணறும். பேட்ச் சைஸ் என்ற இடத்தில் -1 என்று போட்டால் ஒவ்வொரு வரியாக வரும். இந்த -1 எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் பலருக்குக் குலதெய்வ மந்திரம்.

உண்மையான சிக்கல் அதற்கும் கீழே இருந்தது. தினமும் எல்லாவற்றையும் அள்ள முடியாது என்பதால், கடைசியாக வந்துபோன நேரத்தைச் சோலர் ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைக்கும். அடுத்த முறை ‘அதற்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கொடு’ என்று கேட்கும். புதிதாகச் சேர்ந்ததற்குத் தேதி உண்டு, திருத்தியதற்கும் உண்டு. அழித்துவிட்ட பதிவுக்கு? அது அட்டவணையிலேயே இல்லை. ஒரு திருமணத் தகவல் தளத்தில் ஒரு பெண் தன் விவரங்களை நீக்குகிறாள் என்று வையுங்கள். தரவுத்தளத்தில் அவள் இல்லை. தேடலில் அவள் பெயரும் ஊரும் வயதும் வந்துகொண்டே இருக்கும், அடுத்த முழு இறக்குமதி வரைக்கும். அது வாரம் ஒருமுறை என்றால் ஒரு வாரம். அழிந்தவற்றைக் கேட்பதற்கென்றே தனி வினவல் எழுத இடம் இருந்தது. ஆனால் அழிந்தவற்றை யாராவது எங்காவது எழுதி வைத்திருந்தால்தானே அது வேலை செய்யும்? ஆண்ட்ரே அக்சியோனாஃப் உருவாக்கிய ஸ்ஃபிங்ஸ் தேடுபொறியிலும் இதே தலைவலி. தேடல் முடிவில் காட்டக் கூடாதவர்களின் பட்டியலுக்கு அங்கே வைத்த பெயர் ‘கில் லிஸ்ட்’.

2010இல் வந்த எலாஸ்டிக்சர்ச்சும் இதே ஆசையில் விழுந்தது. அதன் பெயர் ‘ரிவர்’: வெளியே இருக்கும் தரவு ஆறாகத் தானே உள்ளே பாயும். பாயும் குழாய்கள் தேடல் சர்வருக்குள்ளேயே ஓடியதால், ஒரு குழாய் வெடித்தால் சர்வரே ஆட்டம் கண்டது. 2015இல் 2.0 பதிப்போடு எடுத்துவிட்டார்கள்.

சோலர் விழுந்தது வேறு காரணத்தால். இறக்குமதிக் கோப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதவும் இடம் கொடுத்திருந்தார்கள், தேதியைத் திருத்த, பெயரைச் சீராக்க. சோதிக்க வசதியாக, கோப்பு முழுவதையும் வெளியிலிருந்து வரும் கோரிக்கையிலேயே அனுப்பவும் வழி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சர்வரை எட்ட முடிந்த யாரும் தன் நிரலை அதில் ஓட்டலாம். 2019இல் இது சிவிஈ-2019-0193 என்ற எண்ணோடு வெளிவந்தது. 8.2இல் அந்த வழியை இயல்பாக அடைத்தார்கள். 2020இல், 8.6 வந்தபோது, கைவிடப்போவதாக அறிவிப்பு. 2022இல் வந்த 9.0இல் கருவியே இல்லை, வேண்டுமென்றால் தனிப் பொட்டலமாக எடுத்துக்கொள்ளலாம். படிவம் மாதிரி தொடங்கிய கோப்பு நிரலாக வளர்ந்துவிட்டது, ஆனால் கடைசிவரை அதைப் படிவம் என்றே நம்பினோம். என் கணக்கில் பிழை அங்கேதான்.

இப்போது புது வழி தரவுத்தளத்தின் குறிப்பேட்டை வாசிப்பது. கணக்குப்பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும். பேரேடு இன்றைய நிலுவையைச் சொல்லும், குறிப்பேடு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லும். மைஎஸ்க்யூஎல் பின்லாக் என்று அப்படி ஒன்றை எழுதுகிறது. அழித்ததும் அதில் ஒரு வரி. டெபீசியம் மாதிரியான கருவிகள் அதைப் படித்துத் தேடல் சர்வர் வரை செய்தியைக் கொண்டுபோக வழிசெய்கின்றன. அந்தப் பெண்ணின் பெயர் சில நொடிகளில் போய்விடும்.

ஆனால் குறிப்பேட்டை என்றென்றைக்கும் வைத்திருக்க இடம் கிடையாது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் நாம் மாற்றாவிட்டால் 30 நாள், பிறகு கிழித்துப் போட்டுவிடும். படிக்கிற கருவி அதற்கு மேல் நின்றுகிடந்தால், பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கவேண்டியதுதான். நின்றிருந்த நாட்களில் யார் யார் போனார்கள் என்று பேரேட்டில் இருக்காது.